இத்தாலிக்குப் போன தக்காளித் தொக்கு

எங்கள் வீட்டில் யாரும் உடம்பு எடையைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. ஆனாலும் மாடிக் குளியலறையில் எடை பார்க்கும் மிஷின் ஒன்று இருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, இந்தியாவுக்குப் போகிற மாதத்தில் மட்டும் அதற்கு உயிர் வரும். அப்பா வெறுங்காலோடு அதன் மேல் ஏறி நிற்பார். இறங்குவார். பிறகு பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மறுபடியும் ஏறுவார். இரண்டாவது எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்துச் சொல்வது என் வேலை. ஒரு பெட்டிக்கு எழுபது பவுண்டு. நான் எழுபத்தொன்று என்று சொல்லிவிட்டால் அம்மா பெட்டியைச் சந்தேகப்பட மாட்டாள், அப்பாவைத்தான் சந்தேகப்படுவாள். "நடுவுல போய் ஒரு டம்ளர் மோர் குடிச்சீங்களே, அதுதான்" என்பாள்.

பெட்டியில் எங்கள் சாமான் பாதிகூட இருக்காது. நியூஜெர்ஸியின் பிரிட்ஜ்வாட்டர் பக்கத்தில் அப்போது இருந்த தமிழ்க் குடும்பங்களுக்குள் ஓர் எழுதாத சட்டம் உண்டு. ஊருக்குக் கிளம்புகிறவர்கள் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் போன் பண்ணி, ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டுமா என்று கேட்க வேண்டும். அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் "ஐயோ, உங்களுக்கு எதுக்கு சிரமம், ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். இரண்டாம் முறையும் கேட்க வேண்டும், அவர்களும் மறுக்க வேண்டும். மூன்றாம் முறை கேட்டதும், ஞாயிற்றுக்கிழமை கோயில் பார்க்கிங் லாட்டில் அவர்கள் கார் டிக்கியிலிருந்து எங்கள் டிக்கிக்கு ஒரு பை இடம் மாறும். உள்ளே விட்டமின் மாத்திரை, முதுகுவலிக் களிம்பு, பாதாம் பருப்பு, மாப்பிள்ளைக்கு சென்ட் பாட்டில், எல்லாவற்றின் மேலும் பெயரும் தெருவும். அம்மா கொண்டுபோன பார்சல் ஒன்றுகூட உரியவர் கைக்குப் போய்ச் சேராமல் இருந்ததில்லை. பல்லாவரத்தில் ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க அரைநாள் அலைந்திருக்கிறோம், ஒரு பாட்டில் மீன் எண்ணெய் மாத்திரைக்காக.

பெயர் எழுதாத பார்சல் ஒன்றே ஒன்றுதான். வட்டமான நீலத் தகர டப்பாவில் வருகிற வெண்ணெய் பிஸ்கட். அம்மா அதை ஒரு பழைய துண்டில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைப்பாள். அது எங்களோடு சென்னைக்கு வரும், சீல் பிரிக்காமல் அப்படியே எங்களோடு திரும்பும். நியூஜெர்ஸிக்கு வந்து பெட்டியைத் திறந்ததும் அம்மா டப்பாவை என்னிடம் கொடுத்துவிடுவாள். ஏழு வயதில் ஒரு டப்பா கிடைத்தது, ஒன்பது வயதில் ஒன்று. ஊரிலிருந்து வந்த சோர்வு தெரியாமல் இருக்க எனக்காகவே இப்படி ஓர் ஏற்பாடு என்று நினைத்திருந்தேன்.

பதினோரு வயதில் மூன்றாம் பயணம். தொண்ணூற்றெட்டாம் வருடக் கோடை. அப்பாவுக்குக் கிடைத்த டிக்கெட் ரோம் வழியாகப் போனது, நடுவில் இரண்டு நாள் தங்கலாம். அந்தச் செய்தி வந்த நிமிடத்திலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை, என்னால். ஐந்தாம் வகுப்பில் ரோமாபுரி பற்றி அட்டைப்பெட்டியில் அரங்கம் கட்டி முதல் மதிப்பெண் வாங்கியவள் நான். லைப்ரரியில் ஏழு புத்தகங்களும் ஓர் இத்தாலியப் பேச்சுக் கையேடும் எடுத்து வந்தேன். சாப்பாட்டு மேஜையில் நீர்க்கால்வாய்களைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றினேன். "ரசத்தை ஊத்திக்கோ, ஆறிடும்" என்று அம்மா சொன்னால், ரோமானியர்களுக்குத் தக்காளியே தெரியாது, தெரியுமா என்பேன். அப்போதெல்லாம் வீட்டில் கேள்வி தமிழில் வரும், பதில் ஆங்கிலத்தில் போகும். இங்கே என் பதில்களை நானே தமிழாக்கிக்கொள்கிறேன்.

தக்காளி என்றதும் இத்தாலி ஆன்ட்டியைச் சொல்லியாக வேண்டும். அடுத்த வீட்டில் தனியாக இருந்தவர். அறுபது வயதைத் தாண்டியவர். பத்தொன்பது வயதில் கல்யாணம் பண்ணிக்கொண்டு அமெரிக்கா வந்தவராம். தெருவில் மற்றப் பிள்ளைகள் அவரை மிஸஸ் போட்டு அழைப்பார்கள், நான் மட்டும் ஆன்ட்டி. அவருக்கு அது பிடித்திருந்தது. அவர் வீட்டின் பின்னால் முப்பது தக்காளிச் செடிகள். விதை அவர் பிறந்த ஊரிலிருந்து கோட்டுப் பையில் வந்ததாம். ஆகஸ்ட் வந்தால் எங்கள் வாசலில் காகிதப் பை நிறையத் தக்காளியும், அவர் காய்ச்சி மூடிய சாஸ் பாட்டில்களும் இருக்கும். மூடியின் மேல் ஒட்டுநாடாவில் அவர் கையால் எழுதிய ஒரு சொல்லும் அந்த வருடமும். அம்மா தக்காளியைத் தொக்காக்கி ஒரு பாட்டில் அவருக்கே திருப்பிக் கொடுப்பாள். "உன் அம்மா என்னைக் கொல்லப் பார்க்கிறாள்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே அவர் அதை ரொட்டியில் தடவிச் சாப்பிடுவார்.

நாங்கள் ரோமுக்குப் போகிறோம் என்றதும் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தன் ஊரைப் பற்றிச் சொன்னார். ரோமிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். குன்றின் மேல் ஒரு சின்ன ஊர், சுற்றி மதில், நடுவில் எண்ணூறு வருடப் பழைய கோபுரம். உச்சியில் நின்றால் கடல் தெரியும்.

"நூற்றுப் பன்னிரண்டு படி. என் தம்பி நூற்றுப் பதின்மூன்று என்பான். அவனுக்கு எண்ணத் தெரியாது" என்றார். பிறகு தக்காளிச் செடியில் காய்ந்த இலையைக் கிள்ளப் போய்விட்டார்.

அம்மா விடவில்லை. தம்பி இப்போது எங்கே என்று கேட்டாள். அங்கேதான், சலூன் வைத்திருக்கிறான், கோபுரத்துச் சாவியும் அவனிடம்தான் இருக்கும் என்று ஆன்ட்டி சொன்னார். அப்படியென்றால் நாங்கள் அந்த ஊருக்குப் போகிறோம், தம்பிக்கு என்ன கொடுத்து அனுப்புகிறீர்கள் என்றாள் அம்மா. இது நான் நேரில் பார்த்தது. ஆன்ட்டி வேண்டாம் என்றார். அம்மா மறுபடியும் கேட்டாள். வேண்டாம், அவனுக்கு என்னிடமிருந்து ஒன்றும் தேவையில்லை என்றார். மூன்றாம் முறை கேட்டபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அம்மா தொக்குக் கிளறினாள். நல்லெண்ணெய் வாசனையில் அப்பா அடுக்களைக்கு வந்தார்.

"யாருக்கு இவ்வளவு?"

"அவங்க தம்பிக்கு."

"அவங்கதான் வேண்டாம்னு சொன்னாங்களே. அமெரிக்காவுல நோன்னா நோதான்மா."

"மூணு தரம் சொன்னாங்க. நிஜமா வேண்டாம்னா ஒரு தரம் சொன்னா போதாதா?"

அப்பா மின்பொறியாளர். தர்க்கத்தில் ஓட்டை இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது, எங்கே என்று தெரியவில்லை. இரண்டு அப்பளம் எடுத்துக்கொண்டு போனார்.

தொக்கு, கழுவிக் காயவைத்த சாஸ் பாட்டில் ஒன்றில் போயிற்று. மூடியில் ஆன்ட்டியின் ஒட்டுநாடா அப்படியே இருந்தது. அம்மா அதைப் பிய்க்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

ரோமில் முதல் நாளை நான் ஓடியே தீர்த்தேன். என்னிடம் படம் தீர்ந்ததும் தூக்கியெறியும் கேமரா ஒன்று இருந்தது, இருபத்துநாலு படம் எடுக்கலாம். அரங்கத்திலேயே இருபது போய்விட்டது. மூன்றை அங்கங்கே செலவழித்தேன். கடைசி ஒன்றைக் கோபுரத்து உச்சிக்கு என்று வைத்துக்கொண்டேன். அங்கிருந்து கடலைப் படமெடுத்து ஆறாம் வகுப்பில் முதல் நாளே காட்டுவதாகத் திட்டம். படிகளையும் எண்ணி, ஆன்ட்டி சொன்னது சரியா அவர் தம்பி சொன்னது சரியா என்று தீர்ப்பும் சொல்லிவிடலாம்.

மறுநாள் பஸ் எங்களை மதிலுக்கு வெளியே இறக்கிவிட்டபோது மணி ஒன்று. திரும்பிப் போக ஐந்தரைக்கு ஒரு பஸ், அதுதான் கடைசி. வாசல் வளைவுக்குள் நுழைந்தால் ஊரே பூட்டிக் கிடந்தது. கடைகளுக்கு ஷட்டர், ஜன்னல்களுக்குப் பச்சைக் கதவு, ஒரு பூனை. பந்த் நாளில் கடையடைத்த ஊர் மாதிரி இருக்கிறதே என்று அப்பா சொன்னார். மத்தியானம் தூங்கி நாலு மணிக்கு எழுந்திருப்பார்கள், கையேட்டில் முப்பத்திரண்டாம் பக்கத்தில் இருக்கிறது என்றேன். "நல்ல பழக்கம்" என்றாள் அம்மா, தொக்குப் பாட்டில் இருந்த பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு.

அந்த மூன்று மணி நேரமும் நான்தான் வழிகாட்டி. தெருக்கள் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்கிற அகலம். சுவரில் பழைய கல்லுக்கு மேல் புதிய கல்லை வைத்துக் கட்டியிருந்த கோடு தெரிந்தது. கீழே இருந்தது ரோமானியர் வைத்தது, மேலே இருந்தது பின்னால் வந்தவர்கள் வைத்தது என்று விளக்கினேன். மாதா கோயில் தரையில் காலடியில் பெயர்கள் செதுக்கியிருந்தன, அடக்கம் செய்யப்பட்டவர்களுடையவை. அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாகவே நடந்தாள். வெளியே வந்ததும் கோபுரம். நான் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். ஆணி அடித்த கனத்த மரக்கதவு, கையளவு பூட்டு. பக்கத்தில் ஓர் அட்டை, கத்தரிக்கோல் படமும் ஓர் அம்புக்குறியும். அம்புக்குறி சதுக்கத்து மூலையில் இருந்த சலூனைக் காட்டியது.

நாலு மணி பத்து நிமிடத்துக்கு ஷட்டர் தூக்கப்பட்டது. வெள்ளைக் கோட்டுப் போட்ட, மெலிந்த, உயரமான ஒருவர். ஆன்ட்டியின் மூக்கு அப்படியே இருந்தது. நான் விமானத்தில் மனப்பாடம் செய்த இத்தாலிய வாக்கியத்தைச் சொன்னேன். அவர் முழுவதையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில், "நான் எட்டு வருடம் கப்பலில் முடி வெட்டினேன். ஆங்கிலம் பேசு" என்றார்.

கேட்டதும் எனக்கு உப்புச் சப்பில்லாமல் போயிற்று. அதற்குள் அம்மா முன்னால் வந்து பாட்டிலை அவர் கையில் கொடுத்துவிட்டாள். "நியூஜெர்ஸி. யுவர் சிஸ்டர்" என்றாள். அம்மாவின் ஆங்கிலம் மளிகைக் கடை வரைக்கும்தான் போகும், வேறு இடங்களில் கூச்சப்படும்.

அவர் பாட்டிலைப் பார்க்கவில்லை, மூடியைப் பார்த்தார். ஒட்டுநாடாவில் இருந்த எழுத்தைப் பெருவிரலால் தடவினார். பிறகு வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரத்தில் நாலேகால். சாவி கண்ணாடிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. அவர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டார். நாலு இருபது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அவளே அனுப்பினாளா?" என்று கேட்டார்.

அம்மா தலையை ஆட்டினாள். நம் ஊர்த் தலையாட்டல், ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவருக்கு அது போதவில்லை. என்னைப் பார்த்தார்.

உண்மையைச் சொன்னால் வேலை சீக்கிரம் முடியும் என்று நினைத்தேன். "இல்லை. ஒன்றும் அனுப்ப வேண்டாம் என்றுதான் ஆன்ட்டி சொன்னார். மூன்று தடவை சொன்னார். இது என் அம்மா செய்தது. இப்போது கோபுரத்துச் சாவியைத் தருகிறீர்களா?"

அவர் எழுந்தார். பாட்டிலை அம்மாவின் கையில் திருப்பிக் கொடுத்தார். கோபமாகக்கூட இல்லை, தவறான வீட்டுக்கு வந்த தபாலைத் தபால்காரரிடம் திருப்பிக் கொடுப்பது போல. எங்களை வாசலுக்கு வெளியே அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கினார்.

அப்பா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, பஸ் ஸ்டாப்புக்கே போயிடலாம்" என்றார்.

அம்மா சலூன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பாட்டில் மடியில்.

"என்ன பண்றே?"

"அஞ்சு இருபது வரைக்கும் உட்கார்றேன்."

"கதவைச் சாத்திட்டார்மா."

"சாத்தினா என்ன. உள்ளதானே இருக்கார்."

அம்மாவோடு இப்படி வாதாடி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை என்பதால் அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் உட்காரவில்லை. கோபுரத்துக்கும் சலூனுக்கும் நடுவே நடந்து நடந்து எத்தனை தப்படி என்று எண்ணினேன். அறுபத்துநாலு. மறுபடி எண்ணினேன், அறுபத்தொன்று. சதுக்கத்தில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துகொண்டிருந்தது. திறந்த ஜன்னல் ஒவ்வொன்றிலும் ஒரு தலை. ஸ்னீக்கர்ஸ் போட்டுப் புடவை கட்டிய ஒரு பெண் சலூன் வாசலில் ஏன் தர்ணா இருக்கிறாள் என்று அந்த ஊர் யோசித்துக்கொண்டிருந்தது.

பிறகு எனக்குப் பசித்தது. அப்பா பையிலிருந்து அலுமினியத் தாள் பொட்டலத்தை எடுத்தார். பிரிட்ஜ்வாட்டரிலிருந்து எங்களோடு வந்த புளியோதரை. நான் தொட்டுக்கொள்ளத் தொக்கு கேட்டேன். "அது கொடுக்க வேண்டியது" என்றாள் அம்மா, கொடுத்துத் திரும்பி வந்த பொருளைக் கையில் வைத்துக்கொண்டே. மூன்று பேரும் படியில் வரிசையாக உட்கார்ந்து கையால் சாப்பிட்டோம். பெருங்காய வாசனை சதுக்கம் முழுக்கப் பரவியது. எதிர் ஜன்னலில் இருந்த ஒரு பெண்மணி உரக்க ஏதோ கேட்டார், எங்களை அல்ல, எங்களுக்குப் பின்னால் இருந்த ஷட்டரை. இன்னொரு ஜன்னல் அதை ஆமோதித்தது. மூன்றாவது ஜன்னல் சிரித்தது.

ஷட்டர் முழங்கால் உயரத்துக்குத் தூக்கப்பட்டது. உள்ளேயிருந்து குனிந்த ஒரு முகம்.

"என் வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிடுகிறீர்களா?"

"வீட்டுக்குள்ள கூப்பிடலையே" என்று அப்பா தமிழில் சொன்னார். என்ன சொன்னார் என்று அவர் கேட்கவில்லை. ஷட்டர் மேலே போயிற்று. உள்ளே வாருங்கள், உள்ளே, எல்லோரும் பார்க்கிறார்கள் என்றார். மூன்று தட்டு வந்தது, கனமான ரொட்டி வந்தது, தண்ணீர் வந்தது. சாமான் வைக்கிற மேஜையிலிருந்து சீப்புகளை ஒதுக்கிவிட்டு எங்கள் பொட்டலத்தைத் தட்டில் வைத்தார். நாங்கள் சாப்பிடும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

அம்மா பாட்டிலைத் திறந்தாள். ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்துத் தொக்கைத் தடவி அவரிடம் நீட்டினாள். வேண்டாம் என்றார். மறுபடி நீட்டினாள். வேண்டாம் என்றார். மூன்றாம் முறை வாங்கிக்கொண்டார்.

இருமல் நிற்க ஒரு நிமிடம் ஆயிற்று. தண்ணீர் குடித்தார், கண்ணைத் துடைத்தார். "இது என் அக்கா செய்ததில்லை" என்றார். அதைத்தானே நான் சொன்னேன் என்று எனக்கு எரிச்சல். ஆனால் அவரே இன்னொரு துண்டை எடுத்துத் தடவிக்கொண்டார். மெதுவாக மென்றார். "ஆனால் இந்தத் தக்காளி எனக்குத் தெரியும்."

பிறகு, யாரும் கேட்காமலே, தங்கள் அம்மா செத்துப்போனபோது அக்கா வரவில்லை என்றார். தந்தி கொடுத்தேன், வரவில்லை.

அம்மா அப்போது பேசினாள். அவ்வளவு வேகமாக அவள் ஆங்கிலம் பேசி நான் கேட்டதில்லை. வரவில்லை என்று சொல்லாதீர்கள், வர முடியாமல் இருந்திருக்கும், வர முடியாமல் போவது எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியாது என்றாள். ஆன்ட்டி ஏன் வரவில்லை என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? வேலியோரத்தில் பேசியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சலூன்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். போய் ஆணியிலிருந்து சாவியை எடுத்தார்.

மணி ஐந்து பத்து.

கோபுரத்துக்குள் கொல்லைக் கிணற்றின் குளிர்ச்சி. நான் முன்னால் ஓடினேன், உரக்க எண்ணிக்கொண்டு. நாற்பதில் அப்பா மூச்சு வாங்கினார். எழுபதில் சலூன்காரர் கீழேயிருந்து, "அவள் எத்தனை என்று சொன்னாள்?" என்று கேட்டார். நூற்றுப் பன்னிரண்டு என்று கத்தினேன். "பதின்மூன்று" என்று அவர் கத்தினார். அந்தக் குழப்பத்தில் நான் எண்பதில் இருந்தேனா எண்பத்தொன்றில் இருந்தேனா என்பது போய்விட்டது. அவ்வளவுதான், என் தீர்ப்பு.

உச்சியில் காற்று. கீழே ஓட்டுக் கூரைகள், மதில், அதற்கப்பால் ஆலிவ் மரங்கள், அதற்கப்பால் வெளுப்பான ஒரு மங்கல். கடல் எங்கே என்றேன். அதோ என்று மங்கலைக் காட்டினார். ஆகஸ்டில் தெரியாது, தை மாசி போன்ற குளிரில்தான் தெரியும் என்று நான் இன்று தமிழாக்கக்கூடிய ஏதோ ஒன்றைச் சொன்னார். பரவாயில்லை, மங்கலையே எடுத்துவிடலாம் என்று கேமராவைத் தூக்கினேன்.

"அவரை எடுடீ" என்றாள் அம்மா.

"ஒண்ணுதான் இருக்கு. கடலுக்கு."

"அதான் கடலே இல்லையே. அவரை எடு."

அவர் அதற்குள் புரிந்துகொண்டிருந்தார். கோட்டுப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரினார். காலர் பட்டனைப் போட்டார். கைப்பிடிச் சுவரோரம் பள்ளிக்கூடப் பையன் மாதிரி விறைப்பாக நின்றார். கடைசிப் படமும் போகிறதே என்று எனக்குத் துக்கமாக இருந்தது. அழுத்தினேன்.

கீழே மதிலுக்கு வெளியே நீல பஸ் வந்து நின்றது தெரிந்தது. அப்பா பதறினார். சலூன்காரர் சுவரில் சாய்ந்து, கையைக் குவித்துக் கூவினார். டிரைவர் பஸ்ஸிலிருந்து இறங்கி அண்ணாந்து பார்த்தார், கையை ஆட்டினார், ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். அவன் தலை என் கையில் இருக்கிறது, போக மாட்டான் என்றார் சலூன்காரர். ஊர் முழுக்க எங்களுக்காக நின்றது. நான் மட்டும் கோபமாகப் பஸ் ஏறினேன்.

இனிமேல் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். சென்னையில் ஒரு சாயங்காலம் என்னைச் சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டு அம்மாவும் அப்பாவும் ஆட்டோவில் எங்கோ போனார்கள். போகும்போது அம்மா கையில் ஒரு துணிப்பை, உள்ளே ஏதோ வட்டமாக. நங்கநல்லூர் என்று ஆட்டோக்காரரிடம் சொன்னது காதில் விழுந்தது. அங்கே எனக்கு ஒரு மாமா உண்டு, அம்மாவின் அண்ணன். போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு ஐந்து வயதிருக்கும்போது அம்மாவின் அம்மா இறந்துபோனார். எங்கள் கிரீன் கார்டு அப்போது பாதி வழியில் இருந்தது, வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். அம்மா போகவில்லை, அதன்பிறகு மாமாவிடமிருந்து ஒரு கடிதமும் வந்ததில்லை. இவ்வளவும் எனக்குத் தெரிந்த விஷயங்கள்தான். தலைநகரங்களும் ஆறுகளும் தெரிவது போலத் தனித்தனியாகத் தெரியும். அந்தச் சாயங்காலம் நான் டிவியில் கார்ட்டூன் பார்த்தேன். அவர்கள் வந்தபோது நான் தூங்கிவிட்டிருந்தேன்.

நியூஜெர்ஸிக்கு வந்து, மருந்துக் கடையில் கழுவக் கொடுத்த படங்கள் ஒரு வாரத்தில் வந்தன. இருபத்துநாலாவதை நான்தான் ஆன்ட்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா வேலியோரமே நின்றுகொண்டாள், திட்டு விழும் என்று எதிர்பார்த்தவளைப் போல. ஆன்ட்டி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். எப்படிக் கிடைத்தது, யார் போகச் சொன்னது, எதுவும் கேட்கவில்லை.

"எத்தனை படி என்றான்?"

"பதின்மூன்று."

"வாசல் நிலைப்படியையும் சேர்த்து எண்ணுகிறான், முட்டாள்" என்றார். படத்தைக் கீழே வைக்கவில்லை. அடுத்த வருடம் மே மாதம் எங்கள் குளியலறை மிஷினில் ஆன்ட்டியின் பெட்டியைக் கட்டிக்கொண்டு அப்பா ஏறி நின்றார். நான் கழித்துச் சொன்னேன். ஏர்போர்ட்டுக்கு அம்மாதான் டிரைவ் பண்ணினாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. நாங்கள் ஊரிலிருந்து வந்து இறங்கிய அன்று, ஷூவைக்கூடக் கழற்றாமல் நான் பெரிய பெட்டியைத் திறந்து அடிவரை துழாவினேன். பழைய துண்டு இருந்தது, மடித்து, காலியாக. நீல டப்பா இல்லை.

"அம்மா, என் பிஸ்கட் எங்கே?"

அம்மா பெட்டியிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டிருந்தாள். யார் வீட்டு மிக்சரோ. "அது அங்கேயே தீந்துபோச்சு" என்றாள்.

"யாரு தின்னா?"

"எல்லாரும்தான்."

மூன்று நாள் நான் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கோபுரத்துக் கடலும் போயிற்று, கடைசிப் படமும் போயிற்று, இப்போது இதுவும். அம்மா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. பாத்திரம் கழுவும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். அந்த மிக்சரை ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டு, உப்பு கொஞ்சம் ஜாஸ்தி என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தாள். என் பிஸ்கட்டை யாரோ தின்று தீர்த்ததில் இவளுக்கு ஏன் இத்தனை சந்தோஷம் என்று எனக்கு விளங்கவே இல்லை.